பதினோராம் மரத்துப் பிள்ளை

இனிமையான நினைவுகளாகப் பார்த்து இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கேட்டது யோகேஸ்வரி. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெளிப்பள்ளியில் இன்னும் ஆசிரியையாக இருக்கிற பெண். பள்ளிக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம்.

“சும்மா ரெண்டு பக்கம்லா ஆன்ட்டி. பூச்சி பாத்தது, மழையில ஆடுனது, அந்த மாதிரி. படம் நாங்க போட்டுக்கறோம்” என்றாள் போனில்.

“பால்மரத்துக்குக் கீழ எடுத்த படமா போடு” என்றேன்.

“மரம் இப்ப இல்ல ஆன்ட்டி. வெட்டியாச்சி. புல் போட்டிருக்கு. பிளாஸ்டிக் புல்லுதான், ஆனா பாக்க அழகா இருக்கும்” என்றாள்.

ஏன் வெட்டினார்கள் என்று கேட்டேன். அவள் இழுத்து இழுத்துச் சொன்னாள். பெற்றோர் கூட்டத்தில் காரணம் சொன்னார்களாம். முன்பு ஒரு பிள்ளை மழை நேரத்தில் கூட்டத்தை விட்டு ஓடிப்போய் மரத்தடியில் நின்றதாம். மரம் இருந்தால் பிள்ளைகள் அப்படித்தான் ஓடுவார்களாம்.

ஓடிப்போய்!

போனை வைத்துவிட்டேன். அன்று சமைத்தது எதுவும் வாய்க்குள் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கத்த வராது. அந்தக் கோபம் ஆறட்டும் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். யோகா, இது இனிமையாக இருக்காது.

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்குக் கிட்ட, பூதக்கண்ணாடிக்குக் கீழே எறும்புக் கால் மாதிரி இருக்கும் கம்பிகளைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கண் போனது. அந்தப் பிரிவையே மூடினார்கள். புக்கிட் காத்தில் பக்கம் ஒரு பள்ளிக்கு கக்கூஸ் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

போய்ப் பார்த்தால் பள்ளிக்குச் சுவரே இல்லை. பொண்டோக் என்கிற ஒரு தகரக் கூரைக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, முழங்கால் அளவு ஓடை, பழைய ரப்பர்த் தோட்டத்தின் மிச்சமாக இரண்டு நிரை பால்மரம். நான்கிலிருந்து ஆறு வயது வரை இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். காலையிலிருந்து மதியம் வரை வெளியிலேயேதான் இருப்பார்கள். இலையை அடுக்கி எண்ணுவார்கள், சேற்றில் குச்சியால் ‘அ’ எழுதுவார்கள், எறும்புப் புற்றுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நம்ம ஆயாக்கொட்டாயத்தான் படிச்சவங்க இங்கிலீஷ்ல பேர் வச்சி தொறந்திருக்காங்க, போ” என்றார். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கொட்டகையைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடை, குளவி, பூரான், பாம்பு என்று முதல் நாளே ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன்.

நான் பயந்த பிறவி. மறைக்க ஒன்றும் இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தாமான் குடியிருப்புகளைத் தாண்டிப் போன பிறகும் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தில்தான் கக்கூஸ் கழுவிக்கொண்டே பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை. வாளியில் தண்ணீர் நிறைவதற்குள் ஒரு தடவை, தரையைத் தேய்த்து முடிப்பதற்குள் ஒரு தடவை.

ஒரு நாள் பின்னால் வந்து நின்று, “எத்தனை?” என்று கேட்டார் மிஸ் ஞானம். பள்ளியைத் தொடங்கியவர் அவர்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவர், அரசாங்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட பருத்திச் சட்டை, ஆண்கள் போடும் பெரிய கைக்கடிகாரம். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. திட்டுவதாக இருந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துத் திட்டு வாங்க வேண்டும்.

“இருபத்தொன்னு மிஸ்” என்றேன். “ரெண்டு பேரு தொட்டிகிட்ட. ஒருத்தி அந்த மரத்துக்குப் பின்னால.”

அவர் எட்டிப் பார்த்தார். மரத்துக்குப் பின்னால் ஒரு சட்டை நுனி தெரிந்தது.

“ஒளிச்சு நிக்கிற பிள்ளையையும் சேர்த்து எண்ணிப்போட்டீர். நாளையிலிருந்து கக்கூசுக்கு வேற ஆளைப் பாக்கிறன். நீர் பிள்ளையளோட நில்லும்.”

என் பயிற்சி அவ்வளவுதான். பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் மிஸ் ஞானத்தின் வேலைமுறையிலிருந்து.

பிள்ளைகள் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே நாங்கள் வந்துவிட வேண்டும். முதலில் மேலே பார்க்க வேண்டும், கீழே அல்ல. பால்மரக் கிளை காற்றுக்குச் சட்டென்று முறியும். தொங்கிக்கொண்டிருக்கும் செத்த கிளை ஒன்று இருந்தாலும் அந்த மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட வேண்டும். அடுத்தது குளவிக் கூடு. பிறகு தேங்காய்ச் சிரட்டை, ரப்பர்க் கோப்பை எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும், கொசு முட்டையிடாமல். பிறகு பிள்ளைகளின் மழைக்காலணிகளைத் தலைகீழாகத் தட்ட வேண்டும். ஒரு தடவை ஒன்றிலிருந்து பூரான் விழுந்தது. அன்றிலிருந்து நான் மூன்று தடவை தட்டுவேன். “மூண்டு தடவை தட்டினா பூரான் பிள்ளை பெறாது, பாக்கியம்” என்பார் மிஸ்.

இதைவிடக் கஷ்டமான பாடம் கை கட்டுவது. பிள்ளை ஒரு மரக்கட்டையில் ஏறினால் என் கை தானாகப் போய்ப் பிடிக்கும். மிஸ் பக்கத்தில் வந்து, காதுக்குள் பேசுவது மாதிரிச் சொல்வார்:

“கையைப் பின்னுக்குக் கட்டும். பிள்ளை விழப் பாத்தா பிடியும். விழுந்திடும் எண்டு நீர் நினைச்சாப் பிடிக்காதேயும். ரெண்டும் வேற.”

அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட இரண்டு வருடம் ஆனது.

நான் அவருக்குக் கொடுத்தது ஒன்று உண்டு. பெயர் கூப்பிட்டுப் பிள்ளைகளைக் கணக்கெடுப்பது அங்கே பெரும் பாடு. ஒருத்தன் பெயருக்கு இன்னொருத்தன் குரல் கொடுப்பான். தோட்டத்தில் எப்படி எண்ணுவார்கள் என்று ஒரு நாள் மிஸ் கேட்டார். பெரட்டைச் சொன்னேன். விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆள் வந்து நிற்க வேண்டும், கணக்கெழுதும் கிராணி ஆளைக் கண்ணால் பார்த்துத்தான் பேர் போடுவார், சத்தத்தை நம்ப மாட்டார் என்றேன்.

“அது நல்லது. குரல் எங்கேயிருந்தும் வரும். உடம்பு ஒரு இடத்திலதான் நிக்கும்” என்றார் மிஸ்.

மறுவாரம் மரங்களில் வெள்ளைச் சாயத்தில் எண் போட்டோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரம். பொண்டோக் உத்திரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பியில் தொங்கவிட்டோம். இரும்பை அடித்தால் எங்கே இருந்தாலும் அவரவர் மரத்துக்கு ஓடிவந்து பட்டையில் கை வைத்து நிற்க வேண்டும். பெரியவர் ஒருவர் நிரை நெடுகப் போய், தலையைத் தொட்டு எண்ணைச் சொல்வார். பிள்ளை மரத்தை இரண்டு தட்டுத் தட்டும். வாயே திறக்க வேண்டாம். தலையைத் தொடும்வரை நகரக் கூடாது. மழை, இடி என்றால் அதற்கு விசில். விசில் ஊதினால் பொண்டோக்குக்கு வர வேண்டும். இரும்பு என்றால் மரம், விசில் என்றால் பொண்டோக். தினமும் இரண்டையும் ஒரு தடவை பழக்குவோம். விசில் என் கழுத்தில்தான் கிடக்கும். குளிக்கும்போதுதான் கழற்றுவேன்.

அப்படி இருந்தபோதுதான் தாரணி வந்தாள். ஐந்து வயது. அம்மா மாலதிக்குச் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை. தாரணி வீட்டில் ஓயாமல் பேசுவாளாம், வெளியே ஒரு சொல் வராது. இரண்டு பாலர் பள்ளிகள் ஆகாது என்று அனுப்பிவிட்டன. “இங்கயாச்சும் வச்சிக்குவீங்களா மிஸ்?” என்று கேட்டபோது மாலதியின் குரல், ஏற்கெனவே இல்லை என்று கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

மிஸ் ஞானம் அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கக் கூடாது என்றார். பெயர் என்ன, சாப்பிட்டியா, இது என்ன நிறம், எதுவும் கூடாது. பதினோராம் மரத்தைக் காட்டினார், இரும்பைக் காட்டினார், விட்டுவிட்டார். மூன்றாம் நாள் பெரட்டில் நான் தலையைத் தொட்டு “பதினொன்னு” என்றேன். சின்ன முட்டியை மடக்கி, டொக், டொக் என்றாள். அப்புறம் பெரட்டு என்றால் அவள்தான் முதலில் வந்து நிற்பாள். மற்ற பிள்ளைகள் தேன்சிட்டைப் பார்த்துவிட்டு நகர்வார்கள். தாரணி நகர மாட்டாள்.

ரப்பர்க் கொட்டை வெடிக்கிற மாதம் ஒரு நாள் அவள் பொண்டோக்கின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு கொட்டையை உரசு உரசு என்று உரசிக்கொண்டிருந்தாள். பெரிய பிள்ளைகள் செய்ததைப் பார்த்திருக்கிறாள். எழுந்து வந்து என் கை மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். சுரீர் என்று சுட்டது. “அடியே!” என்று துள்ளினேன். அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பள்ளியில் அவளிடமிருந்து வந்த முதல் சத்தம் அது. மிஸ் ஞானம் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். “இன்னொரு கையையும் நீட்டும் பாக்கியம்” என்றார்.

அடுத்த வருடம் மிஸ் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு சிரம்பானில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். பள்ளி தினேஷ் என்பவர் கைக்கு வந்தது. முப்பது வயது இருக்கும். நான் “தம்பி” என்று கூப்பிட்டேன். “ஆபீஸ்ல சார்னு கூப்டுங்க ஆன்ட்டி” என்றார். அங்கே ஆபீஸே கிடையாது. ஒரு மாதத்தில் வந்தது, குளிர்சாதனப் பெட்டியோடு.

பழைய பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். பழைய பெரியவர்களில் நான், பழைய பிள்ளைகளில் தாரணி, இரண்டு பேர்தான் மிச்சம். யோகா உள்பட மற்ற எல்லாரும் புதிது.

இரும்பு அடிப்பது நின்றது. பக்கத்துத் தாமானில் சத்தம் என்றார்களாம். விசிலையும் வாங்கி வைத்துக்கொண்டார், “ஜெயில் மாதிரி இருக்கு ஆன்ட்டி” என்று. பிள்ளைகளைக் கூப்பிட ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு. பெரட்டுக்குப் பதிலாக டேப்லட். காலையில் பிள்ளை அதன் முன் நின்று தன் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மாவின் போனுக்குப் படம் போகும், வந்தாச்சு என்று பச்சைக் குறி விழும்.

தாரணி சொல்லவில்லை. முதல் நாள் டேப்லட்டுக்கு முன் நின்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

“நீங்களே அமுக்கிருங்க சார். புள்ள கண்ணு முன்னாடி நிக்குது” என்றேன்.

“நோலா ஆன்ட்டி. அவ வாய் தொறந்து சொல்லட்டும், அப்பதான் டிக். நம்மளே டிக் போட்டா அவ எப்பதான் பேசுவா? இதெல்லாம் ஒரு டெக்னிக்.”

அப்படியே தினமும் விட்டார். பிள்ளை பள்ளிக்குள் நிற்கும், டேப்லட்டில் வராத பிள்ளையாக இருக்கும். அம்மா போனுக்குப் படம் வராததால் மாலதி ஒவ்வொரு நாளும் வேலை இடத்திலிருந்து எனக்கு அழைப்பாள். “வந்துட்டாளா ஆன்ட்டி?” “வந்துட்டா மாலதி, சேத்துல நிக்கிறா.” இது ஆகாது என்று தினேஷிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லியிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் படித்தவள், கக்கூஸ் கழுவ வந்தவள், எனக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். இதற்காக அவர்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேலும் வருகிறது.

அந்த நாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு. சுங்கை ஊடாங் பக்கம் வானம் தார் மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது.

“சார், மழை வருது. புள்ளைங்கள உள்ள எடுத்துருவோம்.”

அவர் போனைப் பார்த்தார். “போன்ல காட்டலையே ஆன்ட்டி. ரிலாக்ஸ்லா. உங்களுக்கு ஒரு மேகம் போதும்.”

யோகாகூடச் சிரித்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காற்று ஒரே தள்ளாகத் தள்ளியது. மழை சரிவிலிருந்து சுவர் மாதிரி நடந்து வந்தது. பிள்ளைகள் ஓடைப் பக்கம், தொட்டிப் பக்கம் என்று சிதறிக் கிடந்தார்கள். யோகா பாட்டைப் போட்டாள், தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என் கை கழுத்துக்குப் போனது. விசில் இல்லை. இடி ஒன்று பக்கத்தில் எங்கேயோ விழுந்தது. உத்திரத்தில் அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எதை அடிக்கிறோம் என்று நான் யோசிக்கவில்லை. சுத்தியலை எடுத்து அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன்.

இரும்பு என்றால் மரம். பல வருடமாக நானே பழக்கியது.

புதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் தெரியாது. சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டமாக ஓடிவந்தார்கள். தினேஷ் டேப்லட்டை வைத்து எண்ணினார்.

“பதினாலு. டேப்ல பதினாலு, இங்க பதினாலு. ஆல் இன்.”

“பதினஞ்சு வேணும் சார்.”

“ஆன்ட்டி, பதினாலுதான் வந்தது. சிஸ்டம் சொல்லுது.”

“காலையிலேர்ந்து நான் பதினஞ்ச எண்ணிக்கிட்டு இருக்கேன். தாரணி எங்க?”

அவர் டேப்லட்டில் விரலை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். “தாரணி இன்னைக்கு வரலையே” என்றார். காலையில் அந்தப் பிள்ளையின் மழைக்காலணியைத் தட்டிக் கொடுத்தவள் நான். அவர் கண் முன்னால்தான் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் என் கையில் சுத்தியல் இருந்ததைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தேட வேண்டியதே இல்லை. அந்தப் பிள்ளை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஓடினேன். மரங்கள் பொண்டோக்கிலிருந்து ஐம்பது அடிவைப்பு தூரம். மழையில் மரமே தெரியவில்லை, வெள்ளை எண்கள் மட்டும் தெரிந்தன. ஏழு, ஒன்பது, பத்து. பதினோராம் மரத்தில் தாரணி நின்றாள். ஒரு கை பட்டையில். மற்றொரு கை முட்டியை மடக்கித் தயாராக வைத்திருந்தாள். பல் கிட்டித்துப் போய், முடி முகத்தில் ஒட்டி, கண்ணை மட்டும் திறந்து நிரையின் முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாராவது வந்து தலையைத் தொட வேண்டும். தொடும்வரை நகரக் கூடாது. மேலே கிளைகள் முறுக்கிக்கொண்டு ஆடின.

அவளைத் தூக்கப் போனேன். விறைத்துப்போய்ப் பட்டையை விட மாட்டேன் என்கிறாள். தலையைத் தொட்டு, “பதினொன்னு” என்று கத்தினேன். டொக், டொக். அதற்குப் பிறகுதான் கையை விட்டாள்.

தூக்கிக்கொண்டு பாதி தூரம் வந்திருப்பேன், பின்னால் பட்டென்று சத்தம். மறுநாள் போய்ப் பார்த்தேன். பதின்மூன்றாம் மரத்தின் கிளை, என் இடுப்புப் பருமன், நிரைக்குக் குறுக்கே கிடந்தது.

பொண்டோக்குக்கு வந்ததும் நான் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். நான்தான் இரும்பை அடித்தேன், இரும்பு அடித்தால் மரத்துக்குப் போகச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம், பிள்ளை சொன்னபடி செய்தது என்று தினேஷிடம் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் ஒரு தாள். தாரணியின் பெயரும் என் பெயரும் மட்டும் எனக்கு வாசிக்கத் தெரிந்தது.

“என்னா எழுதியிருக்கு சார்?”

“சாதாரண ரிப்போர்ட்தான் ஆன்ட்டி. மழ வந்தப்ப புள்ள தானா ஓடிருச்சி, நீங்க போயி கூட்டி வந்தீங்க. உங்களுக்கு நல்ல பேருதான்.”

“அது ஓடலையே சார்.”

அவர் பேனாவை மேசையில் வைத்தார். “அப்ப யாரு இரும்ப அடிச்சதுன்னு எழுதணும். எழுதவா? நீங்களே சொல்லுங்க.”

காலையில் வராத பிள்ளை, மழை வந்தபோது எப்படி ஓடும்? என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இன்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தோன்றுகிறது. அவருடைய டேப்லட் ஒரு பிள்ளையை மழையில் விட்டுவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொன்னது. அதை மறைக்க என் சுத்தியலை எடுத்து என் கழுத்தில் வைத்தார். நானும் பேனாவை எடுத்தேன். ஆங்கிலம் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தே போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. என் தவறு அந்தத் தாளில் இல்லை என்ற நிம்மதி இன்னொன்று. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் மாலதி வேலைச் சட்டையோடு வந்தாள். தாரணி கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இந்த மாதிரி புள்ளைக்கு நம்ம எடம் சரிப்படாதுங்க. ஓடுற பழக்கம் இருக்கு. செவுரு, கேட்டு இருக்கற எடமா பாருங்க” என்றார் தினேஷ். தாளின் நகல் ஒன்றைக் கொடுத்தார். அடுத்த பள்ளிக்குக் காட்டச் சொன்னார்.

மாலதி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க ஆன்ட்டி. அவ ஓடுனாளா?”

நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது மேசைக் காலிலிருந்து சத்தம் வந்தது. டொக், டொக். தாரணி என்னையே பார்த்துக்கொண்டு தட்டினாள். அந்த அறையில் அது யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் நிமிரவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு வருடம் நான் அங்கே வேலை பார்த்தேன். சால்வையோடு ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்து அனுப்பினார்கள். அதில் ‘பொறுப்பு’ என்ற சொல் இருக்கிறது.

நான்கு வருடம் ஆகிவிட்டது. யோகா போன் செய்த மூன்றாம் நாள் புக்கிட் காத்திலில் மாலதியின் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்துப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரும்பு, டேப்லட், தாள், என் கையெழுத்து.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தப் பேப்பரத் தூக்கிக்கிட்டு எத்தன எடம் அலைஞ்சேன் தெரியுமா ஆன்ட்டி? ஓடுற புள்ளன்னு ஓய்வு நேரத்துல அவள ஆபீஸ் ரூம்ல ஒக்கார வச்சாங்க. ரெண்டு வருஷம். மத்த புள்ளைங்க வெளையாடும், இவ ஜன்னல் வழியா பாப்பா. கேட்டா, உங்க பழைய ஸ்கூலே எழுதிக் குடுத்திருக்கேன்னாங்க. நானும் என் புள்ளைய நம்பல ஆன்ட்டி. ஏன்டி ஓடுன, ஏன்டி ஓடுனன்னு நானே அடிச்சிருக்கேன்.”

பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தது. பத்து வயது, உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இப்போது வெளியிலும் பேசுகிறாள் என்று யோகா சொல்லியிருந்தாள். அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கொஞ்சம் கட்டைக் குரல்.

“நீங்கதான் அடிச்சீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும் ஆன்ட்டி. டீச்சருங்க அடிச்சா வேற மாதிரி கேக்கும். நீங்க அடிச்சதுனாலதான் போயி நின்னேன். நீங்க வந்து தொடுவீங்கல்ல.”

மாலதி உள்ளே திரும்பிக்கொண்டாள். தாரணி அங்கேயே நின்றாள். நான்தான் நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

அன்று மாலையே யோகாவை வரச் சொன்னேன். நடந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தாள். பாதியில் நிறுத்தினாள். “ஆன்ட்டி, எனக்கு வேல போயிரும்லா.” உன் பெயர் வேண்டாம், என் பெயரை மட்டும் போடு என்றேன். தாரணியின் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒன்று, மாலதிக்கு ஒன்று, தினேஷுக்கு ஒன்று. இந்த முறை ஒவ்வொரு வரியையும் எனக்குத் தமிழில் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டேன். ஓடிப்போனாள் என்ற சொல் எந்த இடத்திலும் இல்லை. சொன்ன இடத்தில் நின்றாள் என்று இருக்கிறது. இரும்பை அடித்தது பாக்கியம் என்று இருக்கிறது. பிள்ளை பள்ளிக்குள் நின்றும் டேப்லட்டில் வரவில்லை என்றே இருந்தது என்றும் இருக்கிறது.

மலருக்கு நான் தருவது இந்தக் கட்டுரைதான். போட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தினேஷ் சாரே, போடாவிட்டால் போங்கள். வேறு எங்கே போடுவார்கள் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

மூன்று கடிதத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். அன்று அந்தத் தாளில் போட்ட அதே கையெழுத்து, தமிழில், கோணலாக. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரே ஆள்தான் போட்டது என்று தெரியும். தெரியட்டும்.